கார்த்திகைக்கு முளைத்த வால்

கருவடிக்குப்பத்தில் இருந்துகொண்டு, இந்தக் கடல் காற்றில், அதுவும் ஃபிலிம் கேமராவில் நட்சத்திரம் பிடிக்கிறவன் கிறுக்கனாகத்தான் இருப்பான். நான் பிடித்தேன். என் மனைவி பிறந்தது கார்த்திகை நட்சத்திரத்தில். அந்த ஆறு நட்சத்திரமும் ஊசி குத்தின மாதிரி கூராக விழுந்த படம் ஒன்றைக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது அவள் ஆசை.

பூமி சுற்றுகிறது, கேமராவும் கூடவே திரும்பாவிட்டால் நட்சத்திரம் கோடாகிவிடும். அதற்காக இரண்டு பலகையைக் கீல் போட்டுச் சேர்த்து, மேல் பலகையில் கேமராவைப் பூட்டி, நடுவே நீளமான திருகாணி வைத்தேன். கடிகார முள்ளைப் பார்த்து அதை நிதானமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு ஏது அந்தப் பொறுமை? அவள்தான் திருப்புவாள்.

போன குளிர்காலத்தில், சாப்பிட்டதும் படமெடுக்க மாடிக்குப் போனால் என்னை விரட்டத் தொடங்கினாள்.

"நீங்க நடந்தா தளம் அதிருது. கீழ போங்க, முடிஞ்சதும் கூப்புடுறேன்."

"சொல்லிக் குடுத்த எனக்கே பாடமா?"

"அட, போங்கன்னா!"

போனேன்.

ஃபிலிம் சுருள் முடிவதற்குள் அவளைக் கோரிமேடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரல் என்றார்கள். எத்தனை நாளாக இருமல் என்று டாக்டர் கேட்டதற்கு, "இப்பத்தான் சார், ரெண்டு வாரமா" என்றாள். சித்திரை பிறக்கும் முன்பே போய்விட்டாள்.

சுருளைச் சென்னைக்கு அனுப்பிக் கழுவி வாங்கினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஃபோகஸ் தப்பினால் நட்சத்திரம் உருண்டையாக ஊதும். லென்ஸில் பனி படிந்தால் சுற்றிலும் புகை கட்டும். ஈரத்தில் ஃபிலிம் வளைந்தால் ஒரு பக்கம் மட்டும் கெடும். இது எதுவுமே இல்லை. கூரான புள்ளி, அதிலிருந்து ஒரு வால். எல்லா நட்சத்திரத்துக்கும் ஒரே பக்கம், ஒரே நீளம். திருப்புகிற கை நின்றால்தான் இப்படி வரும். கை நின்றிருக்கிறது, வானம் நிற்கவில்லை.

ஐப்பசியில் எடுத்தவற்றில் வால் இல்லை. மார்கழியில் குட்டையாக ஒன்று. தை மாசத்தில் நீண்டுவிட்டது.

அடிப்பாவி, ரெண்டு வாரமா?

இருமல் வந்தபோதெல்லாம் திருகாணியை விட்டுவிட்டு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருக்கிறாள். அடங்கியதும் விட்ட சுற்றையும் சேர்த்துத் திருப்பியிருக்கிறாள். எனக்குத் தெரியக் கூடாதென்றுதான் கீழே அனுப்பியிருக்கிறாள். பாவி மனுஷி, என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா!

"கம்ப்யூட்டர்ல வால எடுத்துட்டு புள்ளியா ஆக்கிடலாம் சார்" என்றார் ஸ்டுடியோக்காரர். அதில் கை வைக்கக் கூடாது என்று கத்திவிட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

தை மாசத்துப் படத்தைத்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அதற்கு நேர் கீழே டிவி. இப்போதெல்லாம் அதைப் போடுவதில்லை. அப்போது நான் படியில் இறங்கும்போதெல்லாம் மேலேயிருந்து குரல் கொடுப்பாள்:

"டிவிய நல்லா சத்தமா வைங்க, எனக்கும் கேக்கட்டும்."