வேங்கைக் கட்டை விடும் மஞ்சள்

1. வாசலைத் தாண்டிப் போன வேலை

கோட்டைக்குப்பத்து தேசம்மா புது ஃபைபர் போட் வாங்கிய செய்தி பழவேற்காடு மீன் மார்க்கெட்டில்தான் என் காதில் விழுந்தது. அவருடைய பழைய போட்டுகளுக்கெல்லாம் மரவேலை செய்தவன் நான். புதுசுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார் என்று உளிகளைச் சாணை பிடித்து வைத்தேன். அன்று சாயங்காலம் அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். என் வாசலைத் தாண்டிக் குமரேசன் பட்டறைக்குள் நுழைந்தார்.

குமரேசன் என் மனைவி செல்வியின் தம்பி. எளாவூரில் தொழில் கற்று, தன் கல்யாணத்துக்குப் பிறகு இங்கே பட்டறை போட்டவன். மெஷின் இழைப்புளி, மெஷின் ரம்பம், சிரித்த முகம். நான் இழைப்புளியைத் தட்டி பிளேடு சரிசெய்வதற்குள் அவன் ஒரு பலகையை முடித்திருப்பான். ஊரே அவனைப் புகழ்ந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், என் வீட்டுக்குள்ளும் அதே பேச்சு.

"தேசம்மா நம்ம தம்பிகிட்ட வந்துச்சு, பாத்தியா? எம்மாம் பெரிய வேல!" என்றாள் செல்வி, சோறு போட்டுக்கொண்டே.

"பாத்தேன். குழம்ப ஊத்து," என்றேன்.

2. எஞ்சின் கட்டை

ஃபைபர் போட்டில் தச்சனுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். உடம்புதான் ஃபைபர். டீசல் எஞ்சின் உட்காருவது நீளவாக்கில் போடும் இரண்டு மரக் கட்டைகளின் மேல். எஞ்சின் ஓயாமல் அதிரும். கட்டை இளகினால் போல்ட் இளகும், ஷாஃப்ட் கோணும், எஞ்சின் நின்றுவிடும். ஏரிக்குள் நின்றால் துடுப்புப் போட்டு வந்துவிடலாம். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நின்றால் அலை போட்டைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும்.

அதற்கு என் கணக்கில் வேங்கைதான். தேக்கு இழைக்கச் சுகமான மரம், ஆனால் வேங்கை அளவுக்கு இறுக்கம் தாங்காது. கருமருது நல்ல பலம், ஆனால் அவசரப்பட்டு வெயிலில் காயப்போட்டால் வெடிக்கும். வேங்கைக்கும் குணக்கேடு உண்டு. ரேகை முன்னும் பின்னுமாக ஓடுவதால் எதிர்த்து இழைத்தால் பிய்த்துக்கொண்டு வரும். ஓட்டை போடாமல் ஆணி அடித்தால் பிளக்கும். ஈரத்தில் இரும்பு பட்டால் அந்த இடம் கறுக்கும். உள்ளே இருக்கும் வைரம் பல காலம் உழைக்கும், வெளிப்பக்கத்து வெள்ளையைப் பூச்சி தின்றுவிடும்.

இன்னொரு குணமும் உண்டு. நனைந்தால் வேங்கை மஞ்சள் விடும். மழைக்காலத்தில் வேங்கை நிலை வைத்த வீட்டுக்காரர்கள் புதுச் சுவரில் மஞ்சள் வழிந்துவிட்டது என்று என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

3. போட் இறக்கிய காலை

போட்டை ஏரியில் இறக்கும் நாளில் குமரேசனுக்குச் சொந்தம் என்ற முறையில் நானும் செல்வியும் போனோம். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். தேசம்மாவின் மகன் வேலு சுக்கான் பிடிக்க ஏறினான். இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு நேராக முகத்துவாரம் தாண்டுவதாக ஏற்பாடு.

"சோக்கா செஞ்சிகீற நைனா!" என்று தேசம்மா குமரேசன் கன்னத்தை வழித்தார். என் கன்னத்தை அவர் ஒரு நாளும் வழித்ததில்லை.

நானும் போட்டில் ஏறிக் குறை தேடினேன். போல்ட் வரிசை நேராக இருந்தது. மூலை மழுக்கியது சுத்தமாக இருந்தது. எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அதில் எரிச்சல் இன்னும் கூடியது.

எல்லோரும் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் குனிந்து நின்றேன். போட்டை ஏரிக்குள் தள்ளும்போது தெறித்த தண்ணீர் அதன் வெள்ளைத் தரையில் தேங்கியிருந்தது. இடது கட்டையின் ஓரம் மஞ்சள் கசிந்திருந்தது. வலது கட்டையின் ஓரத்தில் மஞ்சளே இல்லை. துண்டை நனைத்து இரண்டு கட்டையிலும் வைத்து அழுத்தினேன். இடப்பக்கம் மஞ்சள் பிடித்தது. வலப்பக்கம் செங்காவிச் சாயம் ஒட்டிக்கொண்டு வந்தது.

மறைக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அடுத்து, எஞ்சினைக் கிளப்பக் குனிந்த வேலுவைப் பார்த்தேன்.

"எஞ்சின தொடாத வேலு. வலப்பக்கம் போட்டது வேங்கை இல்ல."

தேசம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தார்.

"இன்னா மேஸ்திரி, நல்ல நேரத்துல? வேல உன்கிட்ட வரலன்னு வயித்தெரிச்சல்ல சொல்றியா?"

"வயித்தெரிச்சல்தாம்மா. அது இல்லன்னா நான் குனிஞ்சே பாத்திருக்க மாட்டேன். ஆனா தண்ணிக்கு இன்னா வயித்தெரிச்சல்? நீயே பாரு," என்று துண்டை நீட்டினேன்.

குமரேசன் முகம் வெளுத்துவிட்டது. "மர டிப்போல ரெண்டும் வேங்கைன்னு சொல்லித்தான் குடுத்தான் மாமா. இழைச்சு, மூலை மழுக்கி, ஓட்டையும் போட்டு, பாலிஷோட வந்துச்சு," என்றான். உளியை எடுத்து வலது கட்டையின் முனையில் ஒரே தட்டு. சோப்பில் இறங்குவதுபோல் உளி இறங்கியது. உள்ளே வெளிறிப்போன ஏதோ ஒரு மரம். அவனே போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

மாற்றுக் கட்டைக்கு எங்கே போவது? பச்சைக் கட்டை போட்டால் காய்ந்து சுருங்கும். நன்றாகக் காய்ந்த வேங்கை அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுதான் இருந்தது. என் வீட்டுத் தலைவாசல் நிலைக்காகப் பரண்மேல் பல வருஷமாக ஆறவிட்டிருந்த, முழுக்க வைரமான கட்டை. செல்வி என்னைப் பார்த்தாள். குமரேசனுக்கும் அது தெரியும், ஆனால் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை இல்லை என்று சொல்லியிருப்பேன்.

"எங்கிட்ட ஒண்ணு கீது," என்றேன்.

தேசம்மா என் பக்கம் திரும்பினார். "குடு மேஸ்திரி. ஆனா வேலைய அவனே முடிக்கட்டும். ஆரம்பிச்ச கைதான் முடிக்கணும்."

என் கட்டை, அவன் கை. அந்த வார்த்தையில் வயிறு மறுபடியும் பற்றிக்கொண்டது. இருந்தாலும் கட்டையைக் கொண்டுவந்து இறக்கினேன். அவன் இழைக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து நொட்டை சொல்லிக்கொண்டே இருந்தேன். ரேகை அந்தப் பக்கம் ஓடுது பார், ஓட்டையை இன்னும் உள்ளே தள்ளு என்று. ஒவ்வொன்றையும் அவன் சொன்னபடியே செய்தான். வேலு அடுத்த அமாவாசை கழித்து முகத்துவாரம் தாண்டினான். இன்றைக்கும் அந்தக் கட்டை அசையவில்லை. இன்றைக்கும் குப்பத்தில் அதற்குப் பேர் குமரேசன் போட்ட கட்டை.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பாலிஷ் போட்டு வரும் கட்டையை ஓரத்தில் சீவிப் பார்க்காமல் வாங்காதீர்கள். வேலை முடிந்ததும், அது உங்களுக்குப் பிடிக்காதவன் செய்த வேலை என்று நினைத்துக்கொண்டு ஒரு தடவை குனிந்து பாருங்கள். நம் கைவேலையை நம் கண் மன்னித்துவிடும். அடுத்தவன் கண் மன்னிக்காது.

நான் பட்டறையை மூடிவிட்டேன். குமரேசனிடம் இப்போது ஆட்கள் வேலை செய்கிறார்கள், பொன்னேரியிலிருந்தெல்லாம் அவனைத் தேடி வருகிறார்கள். இதை எழுதும்போதும் எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது. பெரிய வேலை ஒவ்வொன்றும் முடிந்ததும், ஆளிடம் கொடுப்பதற்கு முன்னால், அவன் எனக்கு போன் செய்கிறான்.

"மாமா, வேல முடிஞ்சிச்சு. ஒரு நடை வந்து பொறாமப்பட்டுட்டுப் போ."

நானும் துண்டை நனைத்து எடுத்துக்கொண்டு போகிறேன்.