மார்கழியில் மழை சொல்கிறவள்

வானிலை சொல்லிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: சொன்னது நடந்தால் பேர் வானத்துக்கு, நடக்காவிட்டால் பேர் நமக்கு. ஜோசியக்காரராவது போன ஜென்மத்து வினை என்று தப்பித்துக்கொள்ளலாம். நமக்கு மறுநாள் காலையிலேயே ஃபோன் வந்துவிடும். கரண்ட் ஆபீஸ்காரர், பஸ் ஸ்டாண்டில் விசாரணைக் கவுண்டரில் உட்காருகிறவர் என்று யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே ஜாதி.

கள்ளக்குறிச்சியில் விவசாயிகளுக்கு வானிலை சொல்லும் சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். தினமும் காலையில் மண்டல வானிலை அறிவிப்பைப் படித்து, ராடார் படத்தைப் பார்த்து, அடுத்த ஐந்து நாள் எப்படியிருக்கும் என்று ஆடியோ பேசி வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்ப வேண்டும். மேலே கல்வராயன் மலை, கீழே வடக்கனந்தல், நைனார்பாளையம், மூங்கில்துறைப்பட்டு என்று எல்லாப் பக்கமும் என் தொண்டைதான் போகும். மற்ற மாதங்களில் எப்படியோ ஓட்டிவிடலாம். மார்கழிக் கடைசியில் பனியும் குளிரும் போதாதென்று கடலில் ஒரு தாழ்வு நிலை வந்து உட்காரும் பாருங்கள், அப்போது தெரியும் சேதி.

இந்த மார்கழியில் எனக்கு முதல் ஃபோன் தினமும் அஞ்சலையக்காவிடமிருந்துதான். வடக்கனந்தலில் எங்கள் தெருக்காரர். காலமெல்லாம் கூலிக்குப் போனவர், இந்த வருஷம்தான் துணிந்து கொஞ்சம் நிலத்தை வாரத்துக்கு எடுத்து நெல் வைத்திருந்தார். நிலக்காரர் பங்கு போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு வருஷச் சாப்பாடு. கதிர் முற்றிவிட்டது. ஒரு மழை பிடித்தால் பயிர் படுத்துவிடும், படுத்தால் நெல் அங்கேயே முளைத்துவிடும். தெருவில் என்னை வாம்மா போம்மா என்கிறவர், ஃபோனில் மட்டும் ஏனோ மேடம் ஆக்கிவிடுவார். நான் பல் தேய்க்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டுக் கேட்பார்: "மேடம், அறுக்கலாமா, வாணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

முப்பது எடுத்த மழை

ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் எனக்கு ஏன் இந்தப் பாடு? அறிவிப்பில் "மழைக்கு முப்பது சதவீத வாய்ப்பு" என்று இருக்கும். நானும் அப்படியே படித்துவிடுவேன். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு கரும்பு விவசாயி. அவருக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்திருந்தது. என் ஆடியோவைக் கேட்டார், ஆள் கூட்டினார், டிராக்டரைக் கழனிக்குள் இறக்கிவிட்டார். மத்தியானம் ஒரு பாட்டம் மழை அடித்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. அதை இழுக்க வந்த டிராக்டரும் துணைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் ஃபோன். "முப்பது சதவீதம்னு சொன்னேனே ஐயா, வராதுன்னு சொல்லலையே" என்றேன், வக்கீல் மாதிரி. அவர் சண்டைக்கு வரவே இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்: "முப்பது எடுத்தான்னு எம் பையன கணக்குல ஃபெயில் ஆக்கிட்டாங்க. மழைய மட்டும் முப்பதுல எப்படி மேடம் பாஸ் போட்டாங்க?"

எண்ணெய் பாட்டில்

அத்தோடு சதவீதத்தை விட்டேன். டிகிரியை விட்டது மலைக்காரர்களால். கல்வராயன் மலையில் குளிர் இத்தனை டிகிரி என்று நான் நீட்டி முழக்க, கரியாலூர் பக்கம் மரவள்ளி போட்டிருக்கும் ஒரு அம்மா கூப்பிட்டார். "டிகிரியெல்லாம் எங்களுக்கு இன்னா தெரியும்? தேங்கா எண்ணெ உறையுமா, உறையாதா? அதச் சொல்லுங்க" என்றார். யோசித்துப் பார்த்தேன். அதைவிட நல்ல அளவு கிடையாது. எண்ணெய் பாட்டில் இல்லாத வீடு ஏது? மறுநாளிலிருந்து என் ஆடியோ இப்படிப் போயிற்று: "கீழே காலையில் எண்ணெய் வெண்ணெய் பதத்தில் இருக்கும். மலையில் கல்லாக உறையும். தலைக்கு வைக்கிறவர்கள் பாட்டிலை அடுப்போரம் வைத்துக்கொள்ளவும்."

குழுக்களில் ஏக வரவேற்பு. ஆளாளுக்குத் தங்கள் வீட்டு பாட்டிலைப் படம் பிடித்து அனுப்பினார்கள். எந்த ஊரில் எவ்வளவு குளிர் என்று உட்கார்ந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தலைகால் புரியாத சந்தோஷம். அந்த அம்மாவையே கூப்பிட்டு, "உங்க யோசனை பிரமாதம்மா. உங்க வீட்டு எண்ணெய் இன்னிக்கு எப்படி இருக்கு?" என்றேன். அவர் சொன்னார்: "அது கெடக்குது மேடம், கல்லாட்டம். நேத்துலேர்ந்து வூட்ல யாரும் தல சீவல. எப்ப உருகும்னு நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருக்கோம்."

பனி விலகும் நேரம்

மூடுபனிக்கும் இதே கதிதான். "மலைப் பாதையில் காலை ஒன்பது மணி வரை பனி இருக்கும், வண்டி ஓட்டுகிறவர்கள் கவனம்" என்று ஒரு வாரம் அக்கறையாகச் சொன்னேன். மலைமேல் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து தலைமை ஆசிரியர் பேசினார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று குரலைக் குழைத்து வணக்கம் வைத்தேன். அவர் ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "பனி விலகற நேரத்த மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க மேடம். எங்க வாத்தியாருங்க அதுக்கப்புறம்தான் வூட்ட வுட்டே கெளம்பறாங்க."

வியாழக்கிழமை மழை

பொங்கலுக்கு முந்தின வாரம் பயந்தபடியே கடலில் தாழ்வு நிலை உருவானது. புதன் வரை வெயில், வியாழக்கிழமை மழை என்று அறிவிப்பு. அஞ்சலையக்காவுக்கு முதல் முறையாக ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன்: அறுங்கள். திங்கட்கிழமை அறுப்பு மெஷின் அவர் கழனிக்குள் இறங்கியது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் களத்தில் நெல்லைக் கொட்டி விரித்தார்கள். ரெண்டு வெயில் காய்ந்தால் மூட்டை பிடித்துவிடலாம். எனக்கோ சாப்பாடு இறங்கவில்லை. ஆலோசனை சொல்வது சுலபம், அதை ஒருத்தர் அப்படியே கேட்டு நடந்துவிட்டால்தான் உதறல் எடுக்கிறது. அவர் மட்டும் களத்தில் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே தெம்பாகச் சொன்னார்: "நீ சொல்லிட்ட இல்ல, இனிமே அந்த வானத்துக்கு இன்னா வேல?"

மாவுக்கு வைத்த அரிசி

புதன்கிழமை காலை அலுவலகத்தில் ராடார் படத்தைத் திறந்தேன். மேகம் ஒரு நாள் முந்திக்கொண்டது. அன்று மத்தியானமே மழை. நெல், மக்காச்சோளம் காயப் போட்டவர்கள் உடனே வாரி மூடுங்கள் என்று அவசர ஆடியோ அனுப்பினேன். வெளியே என்னவோ சுள்ளென்று வெயில். மனசு கேட்காமல் அஞ்சலையக்காவைக் கூப்பிட்டேன். "கேட்டேன் மேடம்" என்றார் நிதானமாக. "ஆனா உங்க வூட்டு மாடியில உங்க மாமியாரு வேட்டிய விரிச்சி, மாவுக்கு அரிசி காய வெச்சிருக்காங்களே. வானிலை மேடம் வூட்லயே காயுது, மழையாவது ஒண்ணாவதுன்னு களத்துல எல்லாரும் சும்மா குந்திக்கினு இருக்காங்க. நான் மட்டும் இன்னாத்துக்கு மூடணும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் என் ஆடியோவை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், நம்பியது மட்டும் என் மாமியாரின் மாடியை! வீட்டுக்கு ஃபோன் போட்டால் அத்தை எடுக்கவில்லை. மாடியில் காக்கா ஓட்டிக்கொண்டிருந்தால் எப்படி எடுப்பார்? ஸ்கூட்டியை விரட்டினேன். எதிரே மலை பளிச்சென்று வெயிலில் நின்றது. கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் கிழக்கே கருகும்மென்று இருட்டிக்கொண்டு வந்தது.

மாடிக்கு ஓடி, "அத்தை, அரிசியை எடுங்க, மழை வருது" என்றேன். அத்தை அசையவில்லை. "டிவில நாளைக்குன்னுதானே சொன்னான். இன்னிக்குன்னு உனக்கு யாரு சொன்னது?" என்றார். "அதைச் சொல்றதுதானே அத்தை என் வேலை!" என்றேன். "அதான் கேக்கறேன், உனக்கு யாரு சொன்னது?" இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பொங்கலே வந்துவிடும். வேட்டியை நாலு முனையும் பிடித்து அரிசியோடு சுருட்டித் தோளில் போட்டேன். பாதி அரிசி படியில் சிந்தியது. அத்தை போட்ட கூச்சல் களம் வரைக்கும் கேட்டது.

அந்தக் கூச்சல்தான் காப்பாற்றியது. களத்தில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்கள். "வானிலை மேடம் வூட்ல அரிசிய எடுக்கறாங்கடோய்!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். குந்தியிருந்த களம் முழுக்க எழுந்து ஓடியது. ஆளுக்கொரு பலகையை எடுத்து நெல்லைத் தள்ளினார்கள், குவித்தார்கள், தார்ப்பாயை உதறினார்கள். நானும் செருப்பை உதறிவிட்டு அஞ்சலையக்காவின் குவியலுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அத்தையும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, என்னைத் திட்டுவதை நிறுத்தாமலே தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். கடைசிக் கல்லைத் தூக்கி ஓரத்தில் வைக்கவும் முதல் சொட்டு என் மூக்கில் விழவும் சரியாக இருந்தது.

பிறகு கொட்டிய மழை, ஐப்பசியில்கூட அப்படிக் கொட்டியதில்லை. ஒதுங்க இடமில்லாமல் தொப்பலாக நனைந்துகொண்டு எல்லாரும் சிரித்தோம். அஞ்சலையக்கா தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்தார். ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்தார். கடக்கென்று உடைந்தது. என் சொந்த வீட்டு நெல் பிழைத்த மாதிரி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நல்லவேளையாக மழையில் யாருக்கும் தெரியவில்லை. அவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "ஏம்மா, நீ இனிமே தொண்டத் தண்ணி வத்த பேசிக்கினு கெடக்காத. கார்த்தால உங்க மாடிய ஒரு போட்டோ எடுத்துப் போடு, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

செயற்கைக்கோள் எத்தனை உயரத்திலிருந்து பார்த்துச் சொன்னாலும் எங்கள் ஊர் வானிலை வெளியாவது என் மாமியாரின் மொட்டை மாடியிலிருந்துதான் என்பதை, சம்பளம் கொடுக்கிறவர்களிடம் மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.