பெரிய மனசுக்காரன் பெண்டாட்டி

நவமணிக்குப் பிறக்கும்போதே இடது கை மணிக்கட்டோடு நின்றுபோயிருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவள் வளர்ந்த காலத்தில், "கிரகணத்துல உங்கம்மா வெளிய வந்துட்டாளா?" என்று கேட்காத வாய் இல்லை. சின்ன வயதில் அழுதாள். பிறகு, "அன்னைக்கு நல்ல மழை அத்தை, கிரகணமே தெரியலயாம்" என்று சிரித்துச் சமாளிக்கப் பழகிக்கொண்டாள். இப்போது நாற்பது வயது. அதே தோட்டத்து ஆபீஸில் கிராணி, கணக்கெழுதும் வேலை. ஒற்றைக் கையால் அவள் கம்ப்யூட்டரில் தட்டும் வேகத்தைப் பார்த்து, "பாவம், எப்படித்தான் செய்றீங்களோ" என்பார்கள் புதிதாக வருகிறவர்கள். "பழக்கம்தான் லா" என்று ஊர்ப் பேச்சில் 'லா' போட்டுச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

ஒரே ஒரு பேச்சை மட்டும் அவளால் சிரித்துத் தள்ள முடியவில்லை.

"உன் புருஷனுக்குத் தங்கமான மனசும்மா. வேற யாரு உன்னைக் கட்டியிருப்பா?"

கோயிலில், கடையில், கல்யாண வீட்டில், எங்கேயும் இதைச் சொல்ல ஒருவர் இருந்தார். கணவன் விமலன் பக்கத்து மலையூரான திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன். பக்கத்தில் நின்று கூச்சத்தோடு சிரிப்பான். பதினான்கு வருஷமாக அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தான்.

போன தைப்பூசத்தன்று தானா ராத்தா ஊர்க் கோயிலில் விமலனின் பெரியப்பா சிவசாமியும் அதையே சொன்னார். வீடு திரும்பும்போது லோரியில் நவமணி கேட்டேவிட்டாள்.

"அவங்க அப்படிச் சொல்றப்போ ஏங்க சிரிக்கிறீங்க?"

"நல்லதாத்தானே சொல்றாங்க?"

"உங்களுக்கு நல்லது. எனக்கு? யாரும் வாங்காத அழுகின தக்காளிய நீங்க இரக்கப்பட்டு எடுத்துட்டு வந்த மாதிரி இருக்கு."

பிரிஞ்சாங் ஊர் வளைவில் விமலன் கியரை மாற்றினான். பிறகு மெதுவாக, "நான் ஒருநாளும் அப்படி நெனச்சதில்ல மணி" என்றான்.

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே."

அடுத்த மாதம் உறவுக்காரப் பெண் குமுதாவின் கல்யாணம். பந்தியில் எதிரே உட்கார்ந்த சிவசாமி, பக்கத்து இலைக்காரரிடம் சத்தமாக ஆரம்பித்தார். "எங்க விமலன் பெரிய மனசுக்காரன். இல்லாட்டி இந்தப் பொண்ண..."

"பெரியப்பா," என்றான் விமலன். காதெல்லாம் சிவந்துவிட்டது. "நான் மூணு தடவ பொண்ணு கேட்டுப் போனேன். ரெண்டு தடவ வேணாம்னுட்டா. சிகரெட்ட விட்டப்புறம்தான் சரின்னா. பெரிய மனசு அவளுக்குத்தான்."

"மனசெல்லாம் ஒண்ணும் பெருசில்ல மாமா," என்றாள் நவமணி. "இவரை எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அவ்வளவுதான்."

பக்கத்து இலைக்காரர் சிரித்துவிட்டார். சிவசாமி சோற்றைப் பிசைந்தபடி, "நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

"தெரியும் மாமா. ஆனா கேக்கறப்போ வலிக்குது. அதான் சொல்றோம்."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, பாயசம் கொண்டுவந்தவனை நிறுத்தி, "முதல்ல அங்க, எங்க மருமகளுக்கு ஊத்துப்பா" என்றார்.

லோரியில் ஏறியதும் விமலன் கேட்டான். "சரியாச் சொன்னேனா?"

"குரல் நடுங்குச்சு."

"பயமா இருந்துச்சு லா!"

நவமணி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். இன்னும் யாராவது சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் இப்போது இரண்டு பேரில் யாருக்கு முதலில் வார்த்தை வருகிறதோ, அவர்கள் பதில் சொல்கிறார்கள்.