உயிரோடிருந்த விமானிக்குப் போட்ட மாலை

சுவிஸின் வில் நகரில், ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் இத்தாலியர் சங்க மண்டபத்தின் திறப்புக் கொத்து சனிக்கிழமைகளில் என் கைப்பையில்தான் கிடக்கும். எங்கள் தமிழ்ப் பள்ளி அங்கேதான் நடக்கிறது. நான் ஆசிரியை அல்ல. கதவைத் திறப்பது, கதிரை அடுக்குவது, இடைவேளைக்குத் தேநீரும் ரோல்ஸும் கொடுப்பது, சத்தம் போடுகிற பிள்ளைகளைவிடக் கூடுதலாகச் சத்தம் போட்டு அவர்களை அடக்குவது, இவையெல்லாம் என் வேலை. சம்பளம் கிடையாது, அதிகாரம் உண்டு. எனக்கு அது போதும்.

தேநீர் போடும் குசினியின் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு படம் தொங்கியது. தோல் தொப்பி, நெற்றியில் தூக்கிவிட்ட பெரிய கண்ணாடி, ரோமக் கழுத்துப்பட்டி. இருபது வயதுகூட இருக்காது. யாரோ பகிடி சொன்ன மாதிரி வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே பித்தளைத் தகட்டில் பெயரும் ஓர் ஆண்டும். எங்கள் வீடுகளில் ஒருவருடைய படம் இப்படித் தனியாகச் சுவரில் தொங்கினால் அவர் போய்விட்டார் என்றுதான் பொருள். ஆகவே இவன் போரில் செத்த விமானி, அந்த ஆண்டு அவன் செத்த ஆண்டு என்று நானே முடிவுகட்டினேன். இத்தாலியரிடம் கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டுச் சாவைப் பற்றி வாய் திறந்து கேட்பது மரியாதையா?

அவனுக்கு ஒரு பூக்கூட வைக்க ஆளில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவது கிழமையே ஒரு பிளாஸ்டிக் மாலையோடு வந்தேன். ஆணி அடிக்க என் கணவரையும் இழுத்துக்கொண்டு வந்தேன்.

"உமக்கு விசரோ?" என்றார் அவர். "பிளேன் ஓட்டினவனுக்கு நாங்கள் மாலை போடுறதோ?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் குண்டு போடும் பொம்மர் சத்தம் கேட்டுப் பங்கர்க் குழிக்குள் ஓடி வளர்ந்தவர்கள். இன்றைக்கும் தாழப் பறக்கிற விமானத்தின் இரைச்சல் கேட்டால் என் கை தானாக அடுப்பை நிறுத்தும்.

"இருபது வயசுப் பெடியன்," என்றேன். "தாய் எண்டு ஒருத்தி இருந்திருப்பாதானே. கதைக்காமல் ஆணியை அடியுங்கோ."

அடித்தார்.

அன்றிலிருந்து சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை மாலை போடுவது, படச் சட்டத்தின் கண்ணாடியில் அவன் நெற்றி இருக்கும் இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு வைப்பது, விளக்கு ஏற்றுவது. ஒருமுறை உண்மையான விளக்கு ஏற்றித் தீ எச்சரிக்கை மணி அடித்து, ரயில் நிலையம் வரைக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு பற்றறி விளக்குத்தான். மதியம் பள்ளி முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடுவேன். இத்தாலியர் வருவது வெள்ளி மாலையும் ஞாயிறும்தான். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் எவ்வளவு துடைத்தாலும் போகாத மஞ்சள் புள்ளி மட்டும் அவர்களுக்கு விளங்காத விஷயமாக இருந்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு அவன் 'பறந்த மாமா' ஆனான். தமிழ்ச் சோதனைக்கு முன் வரிசையாக நின்று அவனைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இப்படியே பதினொரு வருடம்.

பிறகு கடிதம் வந்தது. சங்கத்தில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது, கட்டடத்தை விற்பது பற்றி அங்கத்தவர்கள் கூடி வாக்கெடுக்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தது. பள்ளியில் அறுபது பிள்ளைகள். ஊர் முழுக்க வேறு இடம் தேடினோம். கிடைத்தது ஜன்னல் இல்லாத ஒரு நிலக்கீழ் அறை. பங்கருக்குள் இருந்து தப்பி வந்து, இந்தச் சின்னப் பிள்ளைகளை நிலத்துக்குக் கீழே இருத்தி அகரம் சொல்லிக் கொடுப்பதா? முடியாது என்று நிர்வாகக் கூட்டத்தில் மேசையில் அடித்துச் சொன்னேன். மேசையில் அடித்தால் மட்டும் இடம் கிடைத்துவிடுமா?

கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு. அதற்குள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். பதினொரு மணி இடைவேளையில், பிள்ளைகள் ரோல்ஸுக்கு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம், சங்கச் செயலாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவரோடு, நடக்க உதவும் தள்ளுவண்டியைப் பிடித்தபடி மெலிந்த, மிக வயதான ஒருவர். "இவர் எங்கள் கௌரவத் தலைவர், கொஞ்சம் முந்திக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன், இருக்கட்டும்" என்று சொல்லி அவரை விட்டுவிட்டுச் செயலாளர் காரை நிறுத்தப் போய்விட்டார்.

கிழவர் நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். மாலையைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், மினுங்கிக்கொண்டிருந்த பற்றறி விளக்கைப் பார்த்தார். முதலாம் வகுப்புச் சின்னப் பெண் ஒருத்தி, வாய் நிறைய ரோல்ஸோடு, உதவி செய்யும் நல்ல மனத்தோடு அவருக்குச் சுவிஸ் ஜேர்மனில் விளக்கம் சொன்னாள்: "இவர் செத்துப்போன மாமா. சண்டையில செத்தவர்."

"அப்படியோ?" என்றார் கிழவர். பிறகு என் பக்கம் திரும்பி, "அது நான்" என்றார்.

ஜேர்மன் மொழி பழகுவதற்கு முன்பே பொதி கட்டும் தொழிற்சாலையில் இத்தாலியப் பெண்களோடு நின்று இத்தாலியன் பேசப் பழகியவள் நான். இருந்தும் அந்த நேரம் என் வாயில் "ஐயோ கடவுளே" மட்டும்தான் வந்தது, அதுவும் தமிழில். மாலையை இழுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அறுபது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கக் கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றேன். மண்டபம் போய்விட்டது என்று அந்தக் கணமே நினைத்தேன். வாக்குப் போட வந்த ஆளுக்கே கருமாதி செய்திருக்கிறேனே!

ஒளிக்க இனி என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். தனிப் படம், தகட்டு ஆண்டு, பூ வைக்க ஆளில்லை என்ற கவலை, எல்லாம்.

"எத்தனை வருஷமாப் போடுறீங்கள்?"

"பதினொண்டு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். தள்ளுவண்டி ஆடியது. கதிரை ஒன்றை இழுத்து இருத்தி, தேநீர் கொடுத்தேன். ரோல்ஸும் கொடுத்தேன். உறைப்பில் கண்ணீர் வந்தும் இரண்டாவதைக் கேட்டு வாங்கினார். அவர் கதைத்தது இத்தாலியனும் ஜேர்மனும் கலந்த பேச்சு. என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்; 'அம்மணி' என்று என்னைக் கூப்பிட்ட 'சிஞ்ஞோரா' மட்டும் இத்தாலியனிலேயே இருக்கட்டும்.

பதினெட்டு வயதில் பறக்கப் பழகியவர். இரண்டாம் உலகப் போர் நேரம், பத்தொன்பதில் சண்டை விமானம் கொடுத்திருக்கிறார்கள். தகட்டில் இருந்தது அந்த ஆண்டுதான்.

"மூண்டு வருஷத்திலை எத்தனை பிளேன் விழுத்தினனான் எண்டு கேளுங்கோ."

"எத்தனை?"

"ரெண்டு. ரெண்டும் என்ர."

முதலாவது கடலில். இயந்திரம் நின்றுபோய் விழுந்து, மீன்பிடிப் படகுக்காரர் மீனோடு மீனாக வலையில் இழுத்துக் கரைசேர்த்தார்களாம். தளபதி கேட்ட முதல் கேள்வி, விமானம் எங்கே என்பது.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "குண்டு போட்டனீங்களோ?" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "என்ர பிளேனிலை குண்டு இல்லை. குண்டு போட வாறவையைத் துரத்துறதுதான் எனக்குத் தந்த வேலை. ஒருநாளும் எட்டிப் பிடிக்கேல்லை. அவை அவ்வளவு உயரத்திலை. நான் ஏறி முடியிறதுக்குள்ளை அவை போட்டிட்டுத் திரும்பிப் போயிடுவினம். கீழை பாத்தால் ஊர் எரியும். அதைப் பாத்துக்கொண்டு இறங்கி வருவன்."

பங்கருக்குள் அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்த வயதில், மேலே போய்ப் பொம்மரைத் துரத்த ஒருவருமே இல்லையா என்று நான் நினைத்ததுண்டு. அப்படித் துரத்தப் போய்த் தோற்று இறங்கிய ஒருவர் என் முன்னால் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு ஒரு பாசம் வந்தது. அதற்கு வேறு சொல் இல்லை.

இரண்டாவது விமானம் சுவிஸில் விழுந்தது. ஒருநாள், இத்தாலி சண்டையை நிறுத்திவிட்டது என்று வானொலி சொன்னது. தளபதி சிவில் உடுப்புப் போட்டுச் சைக்கிளில் போய்விட்டார். அதுவரை கூட்டாளியாக இருந்த ஜேர்மன் படை விமானங்களைப் பறிக்க வந்துகொண்டிருந்தது. இவர் இருந்த எண்ணெயோடு கிளம்பி, மலைகளுக்கு மேலால் வடக்கே வந்து, எண்ணெய் முடிகிற இடத்தில் ஓர் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குள் இறக்கினார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், தோட்டக்காரரின் மகள் ஓடிவந்து பேயாட்டம் ஆடினாளாம். ஒரு சொல்லும் விளங்கவில்லை. கிழங்கைப் பற்றித்தான் என்பது மட்டும் விளங்கியது. பிறகு அகதி முகாம். அங்கிருந்து வேலைக்கு அனுப்பியது அதே தோட்டத்துக்கு. தான் நாசமாக்கியது போக மிச்சக் கிழங்கைக் கிண்டினார்.

"அந்தப் பிள்ளையைத்தான் பிறகு கட்டினனான்," என்றார். "ஐம்பத்தாறு வருஷம். கடைசி மட்டும் அந்தக் கிழங்குக்கு ஏச்சு வாங்கினனான்."

முகாமிலிருந்து தாய்க்கு எழுதிய கடிதங்கள் ஒன்றும் போய்ச் சேரவில்லை. சண்டை முடிந்து ஊருக்குப் போய்க் கதவைத் தட்டியபோது, உள்ளே மேசையில் இதே படம், மெழுகுதிரி, பூ. மாதா கோயிலில் இறந்தவருக்கான பூசைகூட முடிந்துவிட்டதாம்.

"அம்மா முதல் என்ர கன்னத்திலை ஒரு அறை விட்டா. பிறகுதான் கட்டிப்பிடிச்சு அழுதா. ஆகவே சிஞ்ஞோரா, நான் செத்தது இது ரெண்டாந்தரம்." மாலை என் முதுகுக்குப் பின்னால்தான் இன்னும் இருந்தது. அவர் கையை நீட்டி அதை வாங்கி, தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார்.

இரண்டு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. நான் குசினிக்குள் நின்று, கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நானே திறந்துவைத்ததுதான். செயலாளர் விற்பனை பற்றி வாசித்து முடித்ததும் கிழவர் எழுந்தார்.

"நான் ஆரெண்டே தெரியாத சனம் பதினொரு வருஷமா எனக்குப் பூ வைச்சிருக்கு," என்றார். "உங்களிலை எத்தனை பேர் என்ர செத்த வீட்டுக்கு வருவீங்கள்? விக்கிறதெண்டால் நான் செத்தாப் பிறகு வில்லுங்கோ."

ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. கௌரவத் தலைவர் உயிரோடு இருக்கும்வரை மண்டபத்தை விற்பதில்லை, தமிழ்ப் பள்ளி தொடரலாம் என்று தீர்மானம் எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. குசினிக்குள் தனியாக நின்று இரண்டு கோப்பைகளைச் சேர்த்துத் தட்டிச் சத்தம் எழுப்பினேன்.

அன்று மாலை பெற்றோருக்குச் செய்தி அனுப்பினேன். முதல் பதில் ஒரு தாயிடமிருந்து வந்தது: "அக்கா, அவருக்கு எத்தனை வயசு?"

"தொண்ணூற்றொன்பது."

அடுத்த பதில் உடனேயே வந்தது: "அவருக்குப் பிரஷர் இருக்கோ?"

பிறகு தொடங்கியது பாருங்கள் ஒரு கவனிப்பு. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு தாய் செவ்வாய்க்கிழமைகளில் போய் அவருக்குப் பிரஷர் பார்த்தாள். பஸ் ஓட்டும் ஒரு தகப்பன் அவர் வாசலில் விடியவே பனி தள்ளினார். இலைக்கஞ்சி போனது, பனங்கிழங்கு மாவும் மீனும் போட்ட ஒடியல் கூழ் போனது. கூழுக்குள் நண்டைக் கண்டுபிடித்துவிட்டு அவர் பாடினாராம். நான் கோயிலுக்குப் போய் அவர் பெயரில் அர்ச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். "இத்தாலி" என்றேன். ஐயர் ஒரு கணம் யோசித்துவிட்டு மந்திரத்தைத் தொடங்கினார். நூறாவது பிறந்தநாளுக்குப் பள்ளியில் கேக் வெட்டினோம். "நூற்றிப் பத்து!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பெற்றோர் அதைவிடப் பலமாகக் கத்தினார்கள்.

போன மாசியில் ஜெனீவாவிலிருந்து அவருடைய மகன் என்னை அழைத்தார். அப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இன்று தொலைபேசியையும் எடுக்கவில்லை, ஒருக்கால் போய்ப் பார்ப்பீர்களா என்றார். கொதித்துக்கொண்டிருந்த ரசத்தை அப்படியே பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு ஓடினேன். முதலாம் மாடி. மணி அடித்தேன். சத்தம் இல்லை. திரும்ப அடித்தேன். படிக்கட்டு விளக்கு இரண்டு தரம் தானாக அணைந்தது, இரண்டு தரமும் தட்டி எரித்தேன். கடைசியில் உள்ளே தள்ளுவண்டியின் சில்லு உரசும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. முகம் சிவந்து, தலைமயிர் கலைந்து, போர்வையோடு நின்றார்.

நான் உள்ளே போய்க் கிண்ணம் தேடினேன். அவசரத்தில் ரசம் மேசையில் கொஞ்சம் ஊற்றுப்பட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மையைச் சொல்லுங்கோ, சிஞ்ஞோரா," என்றார். "எனக்காக வந்தனீங்களோ, மண்டபத்துக்காக வந்தனீங்களோ?"

காய்ச்சல்காரரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வீட்டிலை இருந்து மண்டபத்துக்காகத்தான் வெளிக்கிட்டனான்," என்றேன். "கதவடியிலை நிண்ட நேரம் மண்டபம் எனக்கு ஞாபகமே வரேல்லை."

அவர் கரண்டியைத் தள்ளி வைத்தார். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, வாயை எடுக்காமல் குடித்து முடித்தார்.