பதினொரு கட்டங்களில் ஒன்று

காலை 5.30. போன் திரையில் முதலில் தெரிந்தது ஒரு மின்விசிறி. கொரோனா இரண்டாம் அலையின் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் இருந்தது பெரியநாயக்கன்பாளையம்.

எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் தொற்று என்று இரு முனையிலும் தகரம் அடித்திருந்தார்கள். ஆலயம் பூட்டிக் கிடந்தது. போதகர் மருத்துவமனையில் இருந்ததால் காலை ஜெபத்தை நான் நடத்திக்கொண்டிருந்தேன். போனில் ஒரு செயலியைத் திறந்தால் பதினொரு வீடுகள் பதினொரு கட்டங்களாக வரும். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம் எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம். அந்த வாரம் மட்டும் சபையில் இரண்டு அடக்கங்கள் நடந்திருந்தன. இரண்டுக்கும் யாரும் போக முடியவில்லை. அதனால் தினமும் கட்டங்களை எண்ணிப் பதினொன்று வந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராகும்.

அந்த மின்விசிறி தையல்கார அக்காவுடையது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தனியாக இருப்பவர். போனைத் தையல் மெஷின் பலகைமேல் மல்லாக்க வைத்துவிடுவார். ஆகவே அவருடைய கட்டத்தில் அவர் முகம் தெரியாது. வீட்டு விசிறிதான் சுற்றும். சபையார் எல்லோருக்கும் துணி முகக்கவசம் தைத்துக் கொடுத்தவர் அவர்தான். அன்றும், "தோத்திரமுங்க" என்று சொல்லித்தான் வந்தார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. இரண்டு முறை இருமினார்.

முதல் பாட்டிலேயே ஒரு வீட்டில் சேவல் கூவியது. இன்னொரு வீட்டில் குக்கர் விசில். எல்லோருடைய மைக்கையும் ஒரே தட்டில் அணைத்துவிட்டேன். இனி என் குரல் அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் குரல் எனக்குக் கேட்காது.

நீண்ட ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்து பார்த்தேன். அக்காவின் கட்டத்தில் விசிறி குலுங்கியது. ஆட்டம் நின்றது. மறுபடி குலுங்கியது. மெஷினை மிதித்தால்தான் பலகை அப்படி ஆடும். ஜெப நேரத்தில் தைத்துக்கொண்டிருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டேன். எரிச்சலாக இருந்தது. பெயர் சொல்லவில்லை, ஆனால் ஜெபத்துக்குள்ளேயே, "ஆண்டவரே, உம்முடைய சமுகத்தில் இருக்கும்போது கைவேலையை ஒதுக்கிவைக்கிற மனதை எங்களுக்குத் தாரும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

குலுக்கல் நிற்கவில்லை. அதிகமானது. பிறகு, ஜெபம் முடியும் தறுவாயில், நின்றுவிட்டது. சொன்னது உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

முடிந்ததும் ஒவ்வொருவராக மைக்கைத் திறந்து ஆமென் சொல்லிப் போனார்கள். விசிறி மட்டும் மிச்சம். அக்கா கட் பண்ண மறப்பது புதிதல்ல. நான் அழைப்பை முடிக்கப் போனபோது காபி கொண்டுவந்த என் மனைவி கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக்கா எப்பவும் 'வாரேனுங்க'ன்னு சொல்லிப்போட்டுத்தானே போவாங்க? இன்னைக்குச் சொன்னாங்களா?"

சொல்லவில்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை. விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

போனைக் கையில் பிடித்தபடியே தகரத்துக்கு ஓடினேன். அந்தப் பக்கம் பால்காரர் வழக்கம்போல் பாக்கெட்டுகளை மேலே நீட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே கிளம்பவில்லை.

"எனக்கும் ஊட்டுல சின்னக் கொழந்தைங்க இருக்குதுங்க" என்றார்.

தகரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியே அவருடைய வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் அது நகர்ந்தது, அக்காவின் தெருப் பக்கமாக.

பின்னாலேயே ஓடிவந்த மனைவியின் போனில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம் விசிறி. பிறகு அது மறைந்து பால்காரரின் முகம் வந்தது. முகக்கவசம் அசைகிறது, சத்தம் இல்லை. உயிரோடு இருக்கிறார் என்கிறாரா, இல்லை என்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. நான் அணைத்துவைத்த மைக். அதை இங்கிருந்து திறக்க முடியாது.

"கீழ சிவப்பா மைக் படம் இருக்கும், அதைத் தொடுங்க" என்று கத்தினேன். எங்கெங்கோ தொட்டார். கடைசியில் குரல் வந்தது.

"மெஷினுக்குக் கீழ கெடக்கறாங்க. கண்ணு தொறந்திருக்குதுங்க. மூச்சு இழுக்குது. கை மிதியைப் புடிச்சமேனிக்கு இருக்குதுங்க."

அக்கா மிதித்துத் தைக்கவில்லை. கீழே விழுந்தவர், கைக்கு எட்டிய மிதியைப் பிடித்து ஆட்டியிருக்கிறார்.

ஆம்புலன்ஸில் வைத்துப் பார்த்தபோது ஆக்ஸிஜன் அளவு 71. பதினெட்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தார். தகரம் பிரித்த மறுநாள் நானும் மனைவியும் அவர் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"அக்கா, அன்னைக்கு நான் ஜெபத்துல சொன்னது கேட்டுதுங்களா?"

"கேட்டுதுங்க" என்றார். "நான் அத்தன தடவ கத்துனது ஒருத்தருக்கும் கேக்கல. நீங்க கைவேலைன்னதும்தான், ஆட்டறது உங்க கண்ணுல பட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுது. அதான் இன்னும் பலமா ஆட்டினேன்."

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா எங்களுக்குக் காபி போட எழுந்தார்.

ஆலயம் திறந்து வருடங்களாகிவிட்டன. ஆனாலும் காலை 5.30 ஜெபம் போனில் தொடர்கிறது. சேவல் கூவும், குக்கர் விசிலடிக்கும், யாராவது இருமுவார்கள். நான் யாருடைய மைக்கையும் அணைப்பதில்லை. அக்காவின் கட்டத்தில் இப்போதும் விசிறிதான்.