தணிகாசலம் சார் போட்ட பூஜ்ஜியம்

புத்தூர் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை தெலுங்கில் ஒரு வரி வந்தது: ‘தணிகாசலம் சார் இக லேரு.’ பொருளாதாரம் நடத்திய தணிகாசலம் சார் இனி இல்லை. அடுத்த பத்து நிமிடத்தில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான் எதுவும் போடவில்லை. அவரோடு பேச்சை நிறுத்தி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. போனவரைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பார்கள். அவரிடம் படித்த மாணவர்களே, நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், எனக்கு வாய் வரவில்லை.

ஆந்திர எல்லையில், நகரிக்குப் பக்கத்தில் இருவருக்கும் ஒரே ஊர். முதல் ஊரடங்கில் விசைத்தறிகள் நின்றபோது சண்டை தொடங்கியது. பூட்டியது சரிதான் என்று நான் சொன்னேன். ‘மாசம் பொறந்தா சம்பளம் வர்றவனுக்கு லாக்டவுன் லீவுப்பா. தறிக்காரனுக்கு அது பட்டினி’ என்றார். என் தம்பி முனிரத்தினமே தறி ஓட்டுகிறவன்.

தினமும் நாடுவாரியாகச் சாவுக் கணக்கை எடுத்துக்கொண்டு வருவார். ‘ஸ்வீடன் பூட்டல, இத்தாலி பூட்டிச்சு. எங்க அதிகம் செத்தான், பார்த்துக்கினியா?’

‘பக்கத்துல நார்வே கீது சார். ஸ்வீடனை அதோட வெச்சிப் பாருங்க. எல்லா நாட்லயும் ஒரே மாதிரியா எண்றாங்க?’

‘எனக்கு வேண்டிய நாட்டை நான் எடுத்துக்கினேன். உனக்கு வேண்டியதை நீ எடுத்துக்கோ’ என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் அன்றே வெறுத்தேன்.

இரண்டாம் அலையில் முனிரத்தினத்துக்கு மூச்சு முட்டியது. எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக்கொள்ளத் தமிழ்நாட்டிலிருந்து புத்தூருக்கு வருவார்கள். மற்ற எல்லா வியாதிக்கும் நாங்கள் எல்லை தாண்டி அங்கே ஓடுவோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அவனையும் சென்னைக்குக் கொண்டுபோனோம். ஆறாம் நாள் போய்விட்டான். அங்கேயே எரித்தார்கள், சான்றிதழும் அங்கேயே கொடுத்தார்கள். ஊரில் மேளம் இல்லை, பாடை இல்லை. ஊராட்சிப் பதிவேட்டில் அவன் பெயரும் ஏறவில்லை.

சில மாதம் கழித்து சார் ஊரடங்கை எதிர்த்துத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு சிறு புத்தகம் போட்டார். உள்ளே நாடுகளின் பட்டியல். கடைசி வரியில் எங்கள் ஊர். நேரே பூஜ்ஜியம். ஊராட்சிப் பதிவேட்டைப் பார்த்து எழுதியது. புத்தகத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

‘என் தம்பி எங்க சார்?’

‘அவன் மெட்ராஸ் கணக்குல கீறான்பா. ரெண்டு எடத்துல எழுதினா தப்பு.’

‘மெட்ராஸ் கணக்கு மெட்ராஸுக்கு. இந்த ஊர்ல யாருமே சாகலன்னு எழுதிட்டீங்களே, அது தப்பில்லையா?’

‘பதிவுல இல்லாத சாவை நான் எண்ண முடியாது.’

காபி வந்தது. தொடாமல் எழுந்து வந்தேன். அடுத்த வருடம் இரண்டாம் பதிப்பு வந்தது. அதிலும் பூஜ்ஜியம்தான். அன்றோடு பேச்சு நின்றது. உலகத்தையே கரைத்துக் குடித்தவருக்குத் தன் தெரு தெரியவில்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் ஏசினேன்.

என் மனைவி விடாமல் சொன்னதால் காரியத்துக்குப் போனேன். எண்களுக்கு அஞ்சாதவர் என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். சாரின் மகள் நிர்மலா என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தாள். ‘நைனா மேஜையில இருந்துச்சி சித்தப்பா. உங்க வீட்டுப் பேரு கீது.’

அவர் கையெழுத்துதான். ‘மெட்ராஸ், திருத்தணி போய்த் திரும்பாதவர்கள்’ என்று தலைப்பு. கீழே வீடு வீடாகக் கதவு எண், பெயர், வயது. பக்கம் நிறைந்திருந்தது. முதல் பெயர் முனிரத்தினம். மேலே தேதி போட்டிருந்தார். இரண்டாம் பதிப்புக்கு இரண்டு மாதம் முந்தைய தேதி.

நேரே தம்பி மனைவியிடம் போய்க் கேட்டேன். ‘வந்தாரு மாமா. அழுதுக்கினேதான் எழுதிக்கினாரு. உங்களாண்ட சொல்ல வேணான்னாரு’ என்றாள்.

வெயிலில் தெருத்தெருவாக நடந்து, அழுது, எழுதி, அதன்பிறகும் பூஜ்ஜியம் என்றே அச்சடித்திருக்கிறார். ஒரு எண்ணைத் திருத்தினால் எதிராளிகள் முழு வாதத்தையும் தூக்கி எறிவார்கள் என்று பயந்திருப்பார். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. பதிவேட்டை மட்டும் பார்த்து எழுதினார் என்று நினைத்தவரை என் கோபத்துக்கு ஒரு எல்லை இருந்தது.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது, யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். சார், இந்த ஊரில் என் தம்பியை எண்ணிய ஒரே ஆள் நீங்கள். அதனால்தான் உங்களை மன்னிக்க முடியவில்லை.