கார்டு இல்லாதவருக்குக் காற்று இல்லை

நான் காற்று அடைத்துக் கொடுப்பவள். இப்படிச் சொன்னால் எல்லோரும் முதலில் சைக்கிள் டியூபைத்தான் நினைப்பார்கள். கடலுக்கு அடியில் போகிறவர்கள் முதுகில் கட்டிக்கொள்கிற சிலிண்டர்களுக்குக் காற்று அடைப்பது என் தொழில். தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு வலைக்கடையை ஒட்டினாற்போல் கடை. என் கணவர் கப்பலில் என்ஜினியர். வருஷத்தில் பாதிக்கு மேல் வீட்டில் இருக்கமாட்டார். கம்ப்ரஸரை வாங்கிப் போட்டது அவர், ஓட்டுவது நான். சாயர்புரம் காலேஜில் படித்த கெமிஸ்ட்ரி வேறெதற்கும் உதவவில்லை, இதற்கு உதவியது.

காற்றை உள்ளே இழுக்கும் குழாயைச் சாலைப் புகை எட்டாத உயரத்தில், மொட்டைமாடிக்கும் மேலே வைத்திருக்கிறேன். வடிகட்டியில் இருக்கும் கரியைக் கெடு தவறாமல் மாற்றுவேன். காலையில் அடைக்கும் முதல் சிலிண்டரின் வால்வை லேசாகத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததில் கை வைப்பேன். நல்ல காற்றுக்கு மணம் கிடையாது. கெட்ட காற்றிலும் சில சமயம் மணம் இருக்காது. அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

வருகிறவர்கள் இரண்டு வகை. வெளியூர்க்காரர்களுக்கு ஸ்கூபா கற்றுக்கொடுத்து, தீவுப் பக்கம் படகில் கூட்டிப்போகும் டைவிங் சென்டர்காரர்கள் ஒரு வகை. பயிற்சி முடித்ததற்கு அடையாளமாக அவர்களிடம் போட்டோவும் நம்பரும் போட்ட கார்டு இருக்கும். இன்னொரு வகை நம்மூர் ஆட்கள். ஒரு காலத்தில் சங்கு எடுத்தவர்கள், விசைப்படகின் ப்ரொப்பல்லரில் சுற்றிய வலையை அறுத்தெடுப்பவர்கள், அறுந்து விழுந்த நங்கூரத்தைத் தேடிக் கொடுப்பவர்கள். இவர்களிடம் எந்தக் கார்டும் கிடையாது. பிறந்ததிலிருந்து தண்ணீர்தான்.

அந்த இரண்டாம் வகையில் ஒருவர் என் கணவரின் சின்ன வயதுக் கூட்டாளி. அவரைவிட நாலைந்து வயது இளையவர் என்பதால் அண்ணி முறை வைத்து என்னை மைனி என்பார், நான் தம்பி என்பேன். நாற்பது தாண்டியவர். காதுக்குப் பின்னால் எப்போதும் உப்பு பூத்திருக்கும். வாரத்துக்கு இரண்டு முறையாவது, பைக்கின் இரண்டு பக்கமும் சிலிண்டர்களைக் கட்டிக்கொண்டு வருவார்.

சில வருஷங்களுக்கு முன்னால், இந்தக் கரையில் வேறோர் ஊரில், நகரத்திலிருந்து வந்த ஒருவர் கடலுக்குள் போய் உயிரோடு திரும்பவில்லை. பயிற்சி முடித்தவன் என்று சொல்லியிருக்கிறார். கார்டை யாரும் கேட்கவில்லை. சொன்னதை நம்பிச் சிலிண்டரைக் கட்டிவிட்டார்கள். அடுத்த வாரம் எங்கள் எல்லோரையும் ஓர் அதிகாரி கூப்பிட்டார். டைவிங் சென்டர் வைத்திருப்பவர்கள், படகுக்காரர்கள், காற்று அடைப்பவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் போனோம்.

"ரெண்டு வழி இருக்கு. நாங்க ரூல் போட்டு, ஆள் அனுப்பி செக் பண்ணி, மீறினா கடைய சீல் வைக்கிறது ஒண்ணு. நீங்களே உங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு வச்சிக்கிறது இன்னொண்ணு. நீங்களே சொல்லுங்க" என்றார் அதிகாரி.

பெரிய டைவிங் சென்டர் வைத்திருப்பவர் எழுந்தார். "செக் பண்ண வாறவருக்கு இந்தத் தொழிலப் பத்தி என்ன சார் தெரியும்? தெரிஞ்ச நாங்களே பாத்துக்கிடுதோம்."

நானும் எழுந்து அதையேதான் சொன்னேன். என் கடைக்குள் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து, மாமூலுக்காக மேஜை இழுப்பறையைப் பார்த்தபடி நிற்பதை நினைத்தாலே எனக்குப் பிடிக்கவில்லை. தவிர, நான் ஒழுங்காக நடப்பவள் என்ற கர்வமும் இருந்தது. ஒரு தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். கார்டு காட்டாத யாருக்கும் சிலிண்டர் கொடுப்பதில்லை, காற்று அடைப்பதில்லை.

அந்தக் கூட்டத்துக்கு ஒருவர் வரவில்லை. ஐஸ் பேக்டரிக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், உடைத்த கப்பலிலிருந்து வந்த பழைய கம்ப்ரஸரை வைத்துக்கொண்டு காற்று அடைப்பவர். ஏன் வரவில்லை என்று அதிகாரியும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கார்டு இல்லாதவருக்குக் காற்று இல்லை என்று கடை வாசலில் போர்டு மாட்டினேன். நாலாம் நாள் காலையில் தம்பி வந்தார். சிலிண்டர்களை இறக்கி வைத்துவிட்டுப் போர்டை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"இது யாருக்கு மைனி?"

"எல்லாருக்குந்தான் தம்பி."

சிரித்தார். "சரி, அடைங்க. படகு கெளம்பப் போவுது."

"கார்டு வேணும்."

சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்றது. "என்ன சொல்லுதிய? எங்கிட்டயா கேக்கிய?"

"எல்லார்ட்டயும் கேக்கணும்னு கையெழுத்துப் போட்டுருக்கேன். ஒனக்கு மட்டும் அடைச்சா நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான். அந்தப் படிப்ப முடிச்சிரு தம்பி. நாலஞ்சு நாளுதான்."

"எட்டாங் கிளாஸ்ல நின்னவன் நான். இங்கிலீஷ்ல பரீட்ச எழுதவா? மணப்பாட்டுல அண்ணன் முங்குனப்ப நாந்தான போயித் தூக்குனேன். அன்னைக்கு யாரு மைனி எங்கிட்ட கார்டு கேட்டா?"

அது உண்மை. கல்யாணமான புதிதில் என் கணவரைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் போட்டவர் அவர்தான். ஆனாலும் நான் கம்ப்ரஸர் பக்கம் நகரவில்லை. அவர் காலிச் சிலிண்டர்களைத் திரும்பப் பைக்கில் கட்டினார். அவர் வீட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். பைக் இடது பக்கம், ஐஸ் பேக்டரியை நோக்கித் திரும்பியது. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு உள்ளே போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவரை மாதா கோயில் பக்கம் டீக்கடையில் பார்த்தேன். கண்கள் சிவந்திருந்தன. டீ அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

"ஒடம்புக்கு என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல. ஏறி வந்தா ஒமட்டுது. அவன் காத்துல ஒரு கசப்பு இருக்கு மைனி."

"அத மோந்து பாத்தியா? எண்ணெ வாட வருதா?"

"வந்தா என்ன செய்ய? நீங்க தரமாட்டிய, அவன் தாரான்."

அன்று மத்தியானமே அந்தக் கொட்டகைக்குப் போனேன். கரண்டு இல்லாத நேரம். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் எரிந்தது. கம்ப்ரஸர் காற்றை இழுக்கும் வாய், ஜெனரேட்டரின் புகைக் குழாயிலிருந்து நாலடி தூரம்கூட இல்லை. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு எல்லாம் சிலிண்டருக்குள் போகும். அது ரத்தத்தில் ஏறிவிட்டால் ஆக்சிஜனுக்கு இடம் கொடுக்காது. தண்ணீருக்குள் ஆழம் கூடக் கூட அதன் வேகமும் கூடும். இதையெல்லாம் அந்த ஆளிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நீங்க கையெழுத்துப் போட்டிய, சரி. நான் போடலயே அக்கா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

வெளியே வந்து அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"மேடம், நாங்களே பாத்துக்கிறோம்னு எழுதிக் கொடுத்தது நீங்கதான். ரூல் இருந்தா நான் நடவடிக்கை எடுப்பேன். இப்போ எந்த ரூல்ல அந்தக் கடையப் பூட்டச் சொல்றீங்க?"

அன்று சாயங்காலம் தம்பிக்கே போன் செய்தேன். "சிலிண்டரத் தூக்கிட்டு வா. நான் அடைச்சித் தாரேன். அங்க போவாத."

"போர்ட எடுத்துட்டியளா?"

"போர்டு கெடக்கட்டும். நீ வா."

"போர்டு இருக்க கடைக்குத் திருட்டுத்தனமா வரவா? அத எடுங்க, வாரேன்."

நான் எடுக்கவில்லை. டைவிங் சென்டர்காரர் தினமும் அந்த வழியாகத்தான் போவார். பார்த்தால் நானே எழுந்து பேசியதை நானே உடைத்துவிட்டேன் என்பார். இதுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. நாளைக்கு எடுக்கலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலையிலிருந்தே கரண்டு இல்லை. என் கம்ப்ரஸர் நின்று கிடந்தது. சாலையில் காற்று அசையவில்லை. ஐஸ் பேக்டரிப் பக்கமிருந்து ஜெனரேட்டர் ஓடும் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. நான் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு மேல் ஒரு ஆட்டோ துறைமுகத்திலிருந்து ஹார்னை விடாமல் அடித்தபடி வந்தது. உள்ளே இரண்டு பேர் மடியில் ஒருவரைக் கிடத்தியிருந்தார்கள். ஈரக் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முகம் தெரியவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

தம்பி, ப்ரொப்பல்லரில் சிக்கிய வலையை அறுக்கப் போயிருக்கிறார். ஆழம் இரண்டு ஆள் உயரம்தான். இறங்கிக் கொஞ்ச நேரத்தில் மேலே வந்த காற்றுக் குமிழிகள் குறைந்திருக்கின்றன. படகில் இருந்தவர்கள் குதித்துப் பார்த்தபோது, கையில் கத்தி அப்படியே இருக்க, வலையில் சாய்ந்து தூங்குவதுபோல் கிடந்திருக்கிறார். முப்பது வருஷம் தண்ணீரில் இருந்தவர்.

பிழைத்துவிட்டார். ஆனால் மூன்றாம் வாரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்து, "வாங்க சிஸ்டர்" என்றார். நர்ஸ் என்று நினைத்துவிட்டார். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல்கள் தடுமாறிக்கொண்டிருந்தன. அவருடைய மனைவி எழுந்து வந்து என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். வசவு வாங்கத் தயாராகத்தான் நின்றேன்.

"நீங்க கார்டு கேட்டது தப்புன்னு நான் சொல்லமாட்டேன்க்கா" என்றாள். "அங்கயும் ஒருத்தன் கேட்டுருந்தா அவுக காத்து கெடைக்காம வீட்டுக்கு வந்துருப்பாக. நீங்க ஒராளு மட்டும் கேட்டு என்ன செய்ய?"

சிலிண்டர்களை அவள் என் கடைக்கே கொடுத்தனுப்பினாள். ஒன்றில் பாதிக் காற்று மிச்சமிருந்தது. வாசலில் வைத்து வால்வைத் திறந்தேன். எண்ணெயும் புகையும் கலந்த நாற்றம். முழுவதும் வெளியேறி முடிகிறவரை காற்று வரும் திசைக்கு மறுபக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

மறுபடியும் கூட்டம் போட்டார்கள். இந்த முறை நான் எழுந்தபோது டைவிங் சென்டர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் கட்டுகிற கட்டுப்பாடு வேண்டாம் என்றேன். ஆள் அனுப்புங்கள், என் கடையை முதலில் பாருங்கள், வராதவன் கடையையும் பாருங்கள் என்றேன். கார்டை மட்டும் பார்த்தால் போதாது, அடைக்கிற காற்றையும் சோதியுங்கள். நம்மூர் ஆட்களுக்குத் தமிழில், தண்ணீரில் இறக்கிப் பரீட்சை வைத்து ஒரு கார்டு கொடுங்கள். இல்லாவிட்டால் எந்த ரூல் போட்டாலும் அவர்கள் கொட்டகையைத் தேடித்தான் போவார்கள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

உத்தரவு வந்தது. இன்ஸ்பெக்டர் வருகிறார். என் ரிஜிஸ்டரைப் பார்க்கிறார், கார்டு நம்பர்களைச் சரிபார்க்கிறார். நான் பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள். தமிழ்ப் பரீட்சை மட்டும் இன்னும் வரவில்லை. எப்போது கேட்டாலும் பைல் போயிருக்கிறது என்கிறார்கள். என்னிடம் வந்துகொண்டிருந்த நம்மூர் ஆட்களில் ஒருவர்கூட இப்போது வருவதில்லை. தொழிலையும் அவர்கள் விடவில்லை. அப்படியானால் எங்கே அடைக்கிறார்கள்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு வேம்பார் பஸ்ஸில் ஏறினேன். ஊருக்கு முன்னாலேயே இறங்கி, உப்பளத்தை ஒட்டிய மண்பாதையில் நடந்தேன். பாத்திகளில் வெயில் பட்டுக் கண் கூசியது. ஆள் நடமாட்டம் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் அந்தச் சத்தம் கேட்டது. கம்ப்ரஸர் ஓடும் சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். கூடவே ஜெனரேட்டரும் ஓடியது. நின்ற இடத்திலிருந்தே இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தேன். "திங்கக்கிழமை வந்து பாக்குறேன் மேடம்" என்றார்.

சத்தம் வந்த கொட்டகையின் நிழலில் ஏழெட்டுச் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு விரல்களால் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தார்.

"தலவலியா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"லேசா இருக்கும்மா" என்றார், கண்ணைத் திறக்காமல். "நாளைக்கு எறங்கணும். தண்ணிக்குள்ள போனா சரியாப் போயிரும்."